கல்குவாரியும் கிராபைட்டும் உள்ள ஊரில் சொந்த ஊர்ப் பிள்ளைக்கு வேலை: செட்டிநாட்டு ஊராட்சிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஐயா, எம் மகனுக்கு அந்தக் குவாரியில ஒரு வேலை போட்டுக் கொடுங்க." கிராம சபையில் ஓர் ஆத்தா எழுந்து கேட்டார். குவாரி தரப்பில் வந்திருந்த மேலாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "என்ன வேலை தெரியும் ஆத்தா?" ஆத்தாவுக்கு அதற்குப் பதில் இல்லை. "எந்த வேலைன்னாலும் செய்வான் அப்பு" என்றார். மறுவாரமே பையனுக்கு வேலை கிடைத்தது, வாசலில் வாட்ச்மேனாக. நான்கு வருடம் கழித்தும் அவன் அந்த வாசலில்தான் இருந்தான். அதே மாதம் வெளியூரிலிருந்து துளை போடும் இடத்தில் உதவியாளாகச் சேர்ந்தவர் அதற்குள் தனியாகக் கம்ப்ரசர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். குவாரி ஊர்களில் வேலை கேட்டு நடக்கும் பஞ்சாயத்துகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லா இடத்திலும் "எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள்" என்றுதான் கேட்கிறோம். எந்த வேலை, அதற்கு அடுத்த படி எது, அந்தப் படிக்கு ஏற என்ன சீட்டு, அதாவது சான்றிதழ், வேண்டும் என்று கேட்பதில்லை. அதனால் நம் பிள்ளைகள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிய பாடமும் இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் பையனை முதலில் பெட்டியடியில் உட்கார வைத்தார்கள். பெட்டியடிப் பையன் அடுத்தாள் ஆனான், அடுத்தாள் மேலாள் ஆனான். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது அவன் எந்தப் படியில் இருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். பையன் சேரும் நாளிலேயே அடுத்த படி அவன் கண்ணுக்குத் தெரிந்தது. குவாரி வேலைக்கும் அப்படி ஒரு ஏணியைக் கட்ட முடியும். கட்டும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஊரில் எதை வெட்டுகிறார்கள்?

எல்லாச் சுரங்கமும் ஒரே மாதிரி வேலை தராது. சிவகங்கை அருகே தமிழ்நாடு கனிம நிறுவனம், நாம் டாமின் என்று சொல்வது, பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டை வெட்டுகிறது. தாதுவில் சராசரியாக 14 சதவீத அளவுக்குத்தான் கார்பன் இருக்கிறது. அதைச் சுத்திகரித்து 96 சதவீதம் வரை உயர்த்த ஆலை இருக்கிறது. வெட்டும் இடத்தோடு ஆலையும் சேர்ந்திருப்பதால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பம்ப் பார்ப்பவர், ஆய்வகத்தில் மாதிரி பார்ப்பவர் என்று பல வகை ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

சிங்கம்புணரி, திருமயம் பக்கம் இருப்பது கல்குவாரி. துளை, வெடி, ஹிட்டாச்சி, டிப்பர், கிரஷர், எம்-சாண்ட் என்று வேலை வரிசையாக நிற்கும். சவுடு, சரளை அள்ளும் இடங்களில் ஒரு ஹிட்டாச்சியும் சில டிப்பர்களும் வந்து போகும். அங்கே ஊருக்கு நிலையான வேலை கிடைக்கும் என்று நம்பிப் பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அங்கே நீர்வரத்தும் சாலையும்தான் நீங்கள் கவனிக்க வேண்டியவை.

குத்தகை எப்போது முடிகிறது என்பதை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மாவட்ட கனிம வளத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். கல்குவாரிக் குத்தகை பெரும்பாலும் ஐந்து ஆண்டுதான். அதில் இரண்டு ஆண்டு ஓடிவிட்டிருந்தால், அந்தக் குவாரியோடு முடிந்துபோகும் வேலையைக் கற்பது வீண். எங்கே போனாலும் செல்லுபடியாகும் சீட்டைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: வேலைப் பட்டியல்

இந்த வழிகாட்டியிலேயே அதிகம் உழைக்க வேண்டிய இடம் இது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, மேலாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு முழு நாள் உள்ளே இருந்து பாருங்கள். பாதுகாப்புத் தொப்பியும் ஷூவும் இல்லாமல் இறங்காதீர்கள். வெடி வைக்கும் நேரத்தில் போகாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்விகளை எழுதுங்கள். இன்று அதை யார் செய்கிறார்? எந்தச் சீட்டு வைத்திருக்கிறார்? கற்க எவ்வளவு காலம் ஆனது? அவர் போய்விட்டால் அடுத்து யார்? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத வேலை எதுவோ, அதுதான் நம் பிள்ளைக்கான இடம்.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ஒரு வேலையில் எவ்வளவு திறமை இருக்கிறது என்பது தெரியும். தாதுவிலிருந்து கிராபைட்டைப் பிரிக்கும் மிதவைக் கலத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். அரைத்த தாதுவும் தண்ணீரும் கலந்த குழம்பு. அதில் கொஞ்சம் எண்ணெய். கீழிருந்து காற்று குமிழிட்டு மேலே வருகிறது. கறுத்து மினுமினுக்கும் நுரை விளிம்பைத் தாண்டி வழிகிறது. கிராபைட் செதில்களுக்குத் தண்ணீர் ஒட்டாது. அவை குமிழியைப் பற்றிக்கொண்டு நுரையோடு மேலே வரும், கல்லும் மண்ணும் கீழே தங்கும். கலத்தைப் பார்ப்பவர் நுரையை விரலால் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் மணல் கூட வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும், உடனே வால்வைத் திருப்புவார். அதிகமாக அரைத்தால் செதில் பொடியாகி விலை குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியலை ஓரளவு புரிந்து படித்த எந்தப் பெண்ணும் பையனும் இதைக் கற்க முடியும். ஆனால் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று ஊரில் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

கல்குவாரியிலும் அப்படியே. காலையில் ஷிப்டு தொடங்கும் முன் மேட், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் ஆள், பாறை முகப்பைப் பார்க்க வேண்டும். அனுபவசாலி கடப்பாரையால் தட்டுவார். கணீரென்று கேட்டால் பாறை உறுதி. தொம்மென்று கேட்டால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. அதைத் தள்ளிவிடாமல் கீழே ஆளை நிறுத்தக் கூடாது. பரம்பரையாகக் கல் உடைத்த குடும்பங்களில் இந்தக் காது இருக்கிறது. அதற்கான சீட்டு மட்டும் அவர்களிடம் இல்லை.

ஒரு கல்குவாரியின் ஏணியை இப்படி வரையலாம். துளை போடுவதில் உதவியாள், கம்ப்ரசர் ஆள், பிறகு மேட், பிளாஸ்டர் (வெடி வைப்பவர்), அதற்கு மேல் போர்மேன், கடைசியில் மேலாளர். மேட்டிலிருந்து மேலாளர் வரை உள்ள படிகளுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தன்பாத்தில் தலைமையகம் கொண்ட இந்த அமைப்பு 1902-இல் தொடங்கியது. நம் பகுதிக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. இன்னொரு ஏணி இயந்திரப் பக்கம்: கிளீனர், டிப்பர் டிரைவர், ஹிட்டாச்சி ஆபரேட்டர். மூன்றாவது கிரஷர் பக்கம்: பெல்ட் பார்ப்பவர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன். எடைமேடை, நடைச்சீட்டு (கல் ஏற்றிப் போகும் லாரிக்கான அனுமதிச்சீட்டு), கணக்கு ஆகியவை நான்காவது. வாட்ச்மேன் வேலைக்கு மட்டும் ஏணியே கிடையாது. அதனால்தான் கேட்டவுடன் அதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: ஊர்க் கணக்கு

வேலைப் பட்டியலை எடுத்த பிறகுதான் ஆள் பட்டியல் எடுக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து நான் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கிராமத்தில் இளைஞர்கள் பலரைத் திரட்டி ஒரு தனியார் மையத்தில் பொக்லைன் பயிற்சிக்கு அனுப்பினோம். பயிற்சி முடிந்து சான்றிதழும் வந்தது. அருகிலிருந்த குவாரியில் இருந்ததோ இரண்டே இயந்திரம், இரண்டுக்கும் ஆள் இருந்தார்கள். பயிற்சிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த ஒரு தாயார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இன்றும் தோன்றுகிறது.

வீடு வீடாகப் போங்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். வயது, படிப்பு, பத்தாம் வகுப்பில் நின்றவரா, ஓட்டுநர் உரிமம் உண்டா, ஐடிஐ முடித்தாரா, எந்தப் பிரிவு, வெளிநாடு போய்த் திரும்பியவரா என்று கேட்டு எழுதுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வெல்டராக, ரிக்கராக (பாரம் கட்டித் தூக்குபவராக) இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. பாதுகாப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களையே பயிற்றுநராக்கலாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் என்றால் நாலு தெரு மட்டும் ஊர் இல்லை. காலனியை விட்டுவிட்டு எடுத்த பட்டியல் ஊர்ப் பட்டியல் ஆகாது. பல இடங்களில் வெடிச் சத்தமும் தூசியும் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படித்து, விட்டுப்போன பெயர்களைச் சேர்த்து, தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வயதில் ஏமாற்ற வேண்டாம். 18 வயது நிறையாதவர் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது. 16 நிறைந்தவரைப் பயிற்சியாளராக மட்டும், மேற்பார்வையோடு அனுமதிக்கலாம் என்று 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதனால் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடும் முன் இப்போதைய நிலையைத் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வாக்குறுதியை எழுத்தில் வாங்குவது

குவாரி உரிமையாளர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மேலாளர் மாறுவார், ஒப்பந்தக்காரர் மாறுவார், உரிமையாளரே மாறுவார். எழுத்து மட்டும்தான் மாறாமல் நிற்கும்.

எழுத்தில் வாங்க மிகச் சரியான இடம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டம் நடத்தக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் அதைப் பார்க்கலாம். அதில் "இத்திட்டத்தால் இத்தனை பேருக்கு நேரடி வேலை" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து, "இதில் எத்தனை பேர் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்தவர்கள்? என்னென்ன வேலையில்? எப்போது பயிற்சி?" என்று கேளுங்கள். உங்கள் கேள்வியும் அவர்கள் பதிலும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். கூட்டம் முடிவதற்குள் குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று உரிமையாளர் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஓடும் குவாரி என்றால் கருத்துக் கேட்பு முடிந்திருக்கும். அப்போது ஊராட்சி, குவாரி, சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு மூன்றும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதலாம். எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், "காலி இடம் வந்தால் வெளியில் அறிவிக்கும் முன் 15 நாள் ஊர்ப் பட்டியலுக்கு முன்னுரிமை", "ஒவ்வொரு கம்ப்ரசர் ஆளோடும் ஓர் உள்ளூர் உதவியாள்" என்று நடைமுறையாக எழுதுங்கள். இரண்டாவது வரி சட்டத்தில் எங்கும் இல்லை. இந்தப் பட்டியல் முழுவதிலும் அதிகப் பலன் தருவது அதுதான் என்பது என் கருத்து.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. வெளிமாநில ஆட்களை அவர்கள் விரும்புவதற்குக் கூலி மட்டும் காரணமில்லை. அந்த ஆட்கள் அங்கேயே தங்குகிறார்கள், லீவு போடுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு மாசியில் குலசாமி கும்பிடு, பங்குனியில் பால்குடம், நடுவில் மஞ்சுவிரட்டு, கல்யாணம், காதுகுத்து. அதையெல்லாம் விடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்கு மாற்றாள் பட்டியல் ஒன்று போடுங்கள்: ஒவ்வொரு வேலைக்கும் பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒருவர் திருவிழாவுக்குப் போனால் மற்றவர் நிற்பார். இந்த ஏற்பாட்டை ஊரே முன்வந்து செய்த இடத்தில் உரிமையாளர் பேச்சே மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்பவர்களைப் பகையாகப் பார்க்க வேண்டாம். அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள். பர்மாவுக்குக் கப்பல் ஏறிய ஊர் நாம்.

ஐந்தாம் படி: பயிற்சிக்குப் பணம்

"யார் பணம் தருவார்கள்" என்ற கேள்வியில் பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன. பணம் இருக்கிறது. 2015-இல் சுரங்கங்கள், கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட கனிம அறக்கட்டளை அமைக்க வழி செய்தார்கள். கிராபைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு உரிமத்தொகையோடு (ராயல்டி) கூடுதலாக ஒரு பங்கு இதில் சேர்கிறது: 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்றால் உரிமத்தொகையில் 30 சதவீதம், அதற்குப் பிறகு ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம். கல், சரளை போன்ற சிறுகனிமங்களுக்கு மாநில அரசு விகிதம் வைக்கிறது.

இந்த நிதி சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கும் மக்களுக்கும் உரியது. குடிநீர், மருத்துவம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலன் ஆகியவற்றோடு திறன் மேம்பாடும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே மனு அவருக்குத்தான்.

மனுவில் "எங்கள் ஊருக்குப் பயிற்சி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். இரண்டாம் படியில் எடுத்த வேலைப் பட்டியல், மூன்றாம் படியின் ஆள் பட்டியல், கிராம சபைத் தீர்மானத்தின் நகல், பயிற்சி தரும் நிறுவனத்தின் கட்டண விவரம், வேலை தர ஒப்புக்கொண்ட குவாரியின் கடிதம் ஆகிய ஐந்தையும் இணையுங்கள். ஐந்தும் இருக்கும் மனுவை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வருவது எது என்று பார்த்து அதற்கு முன் பட்டியலைத் தயாராக்குங்கள்.

ஆறாம் படி: எதை, எங்கே கற்பது

மாணவர்களுக்கு முதலில் அரசு ஐடிஐ. காரைக்குடியை ஒட்டி அமராவதிபுதூரில் இருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், டீசல் மெக்கானிக் ஆகிய நான்கும் சுரங்கத்துக்கும் ஆகும், சுரங்கம் மூடினால் வேறு எங்கும் ஆகும். அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ சேர்பவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. இதற்குப் பிறகும் "வசதியில்லை" என்று ஒரு பிள்ளை நின்றால், விவரம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

டிப்பர் ஓட்ட விரும்புபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். 20 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே 18 வயதில் கார் உரிமம் எடுத்து வைப்பவருக்கு 20 வயதில் கதவு திறந்திருக்கும். குவாரி வந்த பிறகு ஓடினால் ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும்.

சுரங்கத்துக்கென்றே கட்டாயமான பயிற்சி ஒன்று உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள்படி, திறந்தவெளிச் சுரங்கத்தில் புதிதாகச் சேருபவருக்கு 12 நாள் அடிப்படைப் பயிற்சி. நிலத்தடிச் சுரங்கத்துக்கு அதைப்போல இரு மடங்கு. பேச்சில் இதை "விடிசி" என்பார்கள். ஏற்பாடு செய்வது உரிமையாளர் பொறுப்பு. தனியாக மையம் நடத்த முடியாத சிறு குவாரிகள் சேர்ந்து ஒரு மையத்தைப் பயன்படுத்தலாம். சிங்கம்புணரி, திருமயம் போல அடுத்தடுத்துக் குவாரி இருக்கும் இடங்களில் நான்கைந்து உரிமையாளர்கள் கூடினால் இது பெரிய செலவே இல்லை. இந்த 12 நாளை வேலை கிடைக்கும் முன்பே, ஊர்ப் பட்டியலில் இருப்பவர்களுக்கு முடித்துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். காலி இடம் வரும்போது சீட்டோடு நிற்பவரை விட்டுவிட்டு வெளியூரில் ஆள் தேட எந்த மேலாளருக்கும் மனம் வராது.

மேட், பிளாஸ்டர் தேர்வுகளுக்குச் சுரங்கத்தில் வேலை செய்த அனுபவச் சான்று, முதலுதவிச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவை வேண்டும். முதலுதவிப் பயிற்சியைச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு நடத்துகிறது. குவாரி வேலை கிடைக்காவிட்டாலும் ஊரில் பத்துப் பேர் முதலுதவி தெரிந்தவர்களாக இருப்பது நல்லதுதானே.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது காரைக்குடியில் இருந்துகொண்டு சிக்ரியை மறந்துவிடக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. லித்தியம் பேட்டரியின் எதிர்மின்வாய்க்குக் கிராபைட்தான் முக்கியமான பொருள். சிக்ரியில் நடக்கும் ஆராய்ச்சிகளில் பேட்டரியும் ஒன்று. மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் கிராபைட் இருக்கிறது. சிவகங்கையில் வெட்டும் கிராபைட்டுக்கும் காரைக்குடியின் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம்தான். வேதியியல் படித்த நம் பெண் பிள்ளைகளுக்கு மாதிரி எடுப்பது, உலையில் எரித்துச் சாம்பலை எடை போட்டுக் கார்பன் அளவைக் கணக்கிடுவது போன்ற ஆய்வக வேலைகளைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஊர் எது? கல்லூரி முதல்வர்கள் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.

பெண்கள் என்றதும் குவாரி மேலாளர்கள் கூட்டுகிற வேலையையும் சமையலையும்தான் நினைக்கிறார்கள். எடைமேடை, நடைச்சீட்டு, கிரஷர் கட்டுப்பாட்டு அறை, ஆய்வகம் எதிலும் பெண்கள் உட்காரத் தடை இல்லை. 2019 ஜனவரியில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, நிபந்தனைகளோடும் எழுத்துபூர்வமான சம்மதத்தோடும், தரைக்கு மேலுள்ள சுரங்கப் பணியில் இரவிலும் பெண்களை அமர்த்த அனுமதித்தது. முதலில் கேட்க வேண்டியது கழிப்பறை. அது இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளையைப் பயிற்சி கொடுத்து அனுப்பிப் பயனில்லை.

ஏழாம் படி: சேரும் நாள்

முதல் நாளில் நான்கு விஷயம் முடிந்திருக்க வேண்டும்: மருத்துவப் பரிசோதனை, பயிற்சிச் சான்று, பாதுகாப்புத் தொப்பியும் ஷூவும், பணியாளர் பதிவேட்டில் பெயர். மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயை விட்டுவிடக் கூடாது. கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் வந்தால் திரும்பாது. இருமல் வந்த பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயைவிட, சேரும்போது எடுத்த எக்ஸ்ரேதான் பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது பேசும். அதன் நகலை வீட்டில் வையுங்கள். துளை போடும்போது தண்ணீர் விட்டுப் போடச் சொல்லுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நுண்தூசியைத் துண்டு தடுக்காது.

2025 மே 20 அன்று நம் சிவகங்கை மாவட்டத்து மல்லாக்கோட்டைக் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த இரவு குவாரிக்குப் பிள்ளையை அனுப்பிய எந்த வீட்டிலும் சோறு இறங்கியிருக்காது. நம் பையனை வேலைக்குச் சேர்த்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மேலிருந்து படிப்படியாகப் படிக்கட்டு போல வெட்டுகிறார்களா, செங்குத்தாகக் குடைகிறார்களா என்று பாருங்கள். செங்குத்துச் சுவரின் அடியில் நிற்கச் சொன்னால் மறுக்கலாம் என்று பையனுக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்தத் தைரியத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பயிற்சி.

முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். திருப்பித் தராமல் வேலையை விட முடியாது என்ற நிலை வந்தால், அது 1976-லேயே ஒழிக்கப்பட்ட கொத்தடிமை முறை. கோட்டாட்சியரிடம் புகார் தரலாம்.

எட்டாம் படி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

ஜூனிலும் டிசம்பரிலும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். யார் எந்தப் படியில் சேர்ந்தார், இன்று எந்தப் படியில் இருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். உதவியாளாகச் சேர்ந்தவர் இரண்டு வருடமாக உதவியாளாகவே இருந்தால், மேலாளரை அழைத்துக் காரணம் கேளுங்கள். சில நேரம் காரணம் பையனிடம் இருக்கும், கேட்டுக்கொள்ள வேண்டும். பல நேரம் யாரும் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

இந்த உட்காரலில் தவறாமல் கேட்க வேண்டியது அனுபவச் சான்று. எனக்குத் தெரிந்த ஒருவர் நம் பக்கத்துக் குவாரிகளில் 19 வருடம் துளை போட்டவர். கடப்பாரையால் தட்டினால் பாறையின் சாதகமே சொல்லிவிடுவார். மேட் தேர்வு எழுத நாங்கள் விண்ணப்பம் நிரப்பிய அன்று, அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒப்பந்தக்காரர் கைக்கணக்கில் கூலி கொடுத்திருந்தார். குவாரி மூடிவிட்டது, மேலாளர் எங்கே போனார் என்று தெரியவில்லை. இரண்டு மாதம் அலைந்தோம். அவர் இன்னும் உதவியாள் கூலிக்குத்தான் போகிறார். அதனால் சான்றிதழைக் குவாரி மூடும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் பொங்கல் லீவுக்குப் போகும் முன், சேர்ந்த தேதி, செய்த வேலை, மேலாளர் கையெழுத்து, முத்திரை நான்கும் உள்ள ஒரு தாளை வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.